எலியா முதல் எல்லீசன் வரை

காஞ்சிபுரத்தைக் கச்சிப்பேடு என வழங்கிய நாளில் அந்நகரில் வாழ்ந்த புலவர்கள் சிலரின் பெயர்கள் சங்கத் தொகை நூல்களில் நிலைபெற்றுள்ளன. கச்சிப்பேட்டு நன்னாகையார், கச்சிப்பேட்டு இளந்தச்சனார், கச்சிப்பேட்டுப் பெருந்தச்சனார் என்னும் பெயர்களில் முதலில் ஊர் நிற்கிறது. அதன்பின் தொழிலோ இயற்பெயரோ நிற்கிறது. மதுரையில் துணி விற்ற புலவர் அறுவை வாணிகன் இளவேட்டனார் எனப்பட்டார். பிசிராந்தையார் என்னும் பெயரைப் பிரித்தால் பிசிர் என்னும் ஊரும், ஆதன் என்னும் மகனும், அவனுக்குத் தந்தை என்னும் உறவும் வெளிப்படும். ஒரு மனிதனை அடையாளம் காட்ட ஊர், தொழில், உறவு ஆகிய மூன்றும் போதுமாயிருந்தன. பாடல்கள் பல அழிந்த பின்னரும் பெயர்கள் நின்று, பாடியவர் எங்கிருந்து வந்தார் என்பதை இன்றுவரை அறிவித்துக்கொண்டிருக்கின்றன.

இத்தகைய பெயர்களின் வேரைத் தேடும் கலையைத் தமிழுக்காகப் புதிய முறையில் கையாண்ட மேல்நாட்டவர் பிரான்சிசு வைட் எல்லிஸ் ஆவார். தமிழ் தனிவேர் கொண்ட மொழி என்பதை 1816இல் அச்சில் நிறுவியவர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட தொண்டை மண்டலத்தின் நில உரிமை வரலாற்றைத் திரட்டியவர். நாற்பத்திரண்டு ஆண்டுகளே வாழ்ந்த அவர் எல்லீசன் என்னும் தமிழ்ப் பெயரைத் தாமே கல்லில் வெட்டிக்கொண்டார். அவர் பிறக்கும்போது தாங்கிய குலப்பெயர் தமிழகம் வந்து சேர்ந்த வழி, அவருடைய வாழ்வின் வழியைவிடப் பன்மடங்கு நெடியது. இரண்டையும் ஒருசேர அறிவது தமிழன்பர்க்குப் பயன் தரும்.

பெயர் நடந்த பாதை

இங்கிலாந்தில் குலப்பெயர் வழக்கம் மிகப் பழையதன்று. 1066இல் நார்மானியர் அந்நாட்டை வென்ற காலத்தில் பெரும்பாலான மக்களுக்கு ஒரு பெயரே இருந்தது. வரி ஏடுகளும் நிலப் பதிவேடுகளும் பெருகப் பெருக, ஒரே பெயருடைய பலரைப் பிரித்தறிய வேண்டிய தேவை எழுந்தது. அடுத்த மூன்று நான்கு நூற்றாண்டுகளில் ஊர், தொழில், தந்தை பெயர், பட்டப்பெயர் ஆகிய நான்கு வழிகளில் துணைப்பெயர்கள் தோன்றி, தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் குலப்பெயர்களாக இறுகின. தறியில் இருந்தவன் வழியினர் வெப், வெப்ஸ்டர், வீவர் எனப்பட்டனர். துணியை மிதித்துப் பதப்படுத்தியவன் வழியினர் வாக்கர், ஃபுல்லர் எனப்பட்டனர். தறியின் ஒலியை நாள்தோறும் கேட்கும் காஞ்சி நகரத்தார்க்கு இது வியப்பளிக்காது. செங்குந்தர் குலம் எழுபத்திரண்டு நாடுகளாகப் பகுக்கப்பட்டு, காஞ்சியையே மகாநாடாகக் கொண்டிருந்தது. தொழிலும் ஊரும் குலமும் ஒரே பெயரில் கூடும் இயல்பு எந்நாட்டுக்கும் பொதுவானதாகும்.

எல்லிஸ் என்பது தந்தை பெயர் வகையைச் சேர்ந்தது. அதன் தொடக்கம் இங்கிலாந்தில் இல்லை. எபிரேய மொழியில் இருக்கிறது. யாவே என் கடவுள் என்னும் பொருள்படும் எலியாகு என்பது இசுரவேல் நாட்டுத் தீர்க்கதரிசி ஒருவரின் பெயர். தமிழ் விவிலியம் அவரை எலியா என்று அழைக்கிறது. மழை பொய்த்து நாடு வறண்ட காலத்தில் கார்மேல் மலைமீது நின்று மழையை வேண்டிப் பெற்றவராக அவர் போற்றப்படுகிறார். அப்பெயர் கிரேக்கத்தில் எலியாஸ் ஆயிற்று. இலத்தீனும் அவ்வாறே ஏற்றது. சிலுவைப் போர்க் காலத்தில் மேனாட்டு வீரர்களும் துறவியரும் கார்மேல் மலையைக் கண்டு திரும்பினர். அம்மலையின் பெயரால் ஒரு துறவியர் சபையும் தோன்றியது. அக்காலத்தில் பிரான்சிலும் இங்கிலாந்திலும் இப்பெயர் பிள்ளைகளுக்குப் பெருவழக்காக இடப்பட்டது. ஆங்கிலேயர் நாவில் அது எலிஸ் எனச் சுருங்கியது. எலிஸ் என்பவனின் வழியினர் எல்லிஸ் ஆயினர். எலிஸின் மகன் என்னும் பொருளில் எல்லிசன் என்ற குலப்பெயரும் எழுந்தது.

வேல்சு நாட்டில் இப்பெயருக்கு வேறொரு கிளை வந்து கலந்தது. அங்கே அருளுடைமை என்னும் பொருள்தரும் சொல்லடியாகப் பிறந்த எலிசெத் என்னும் பழம்பெயர் வழங்கியது. அதன் மரூஉ வடிவங்கள் காலப்போக்கில் எல்லிஸ் என்னும் வடிவத்தோடு ஒன்றின. வேல்சு மக்கள் நெடுங்காலம் நிலையான குலப்பெயர் கொள்ளாமல், தம் பெயருக்கு முன்னோ பின்னோ தந்தை பெயரைச் சேர்த்து வழங்கினர். தமிழர் தலைப்பெழுத்தாகத் தந்தை பெயரை முன்வைக்கும் வழக்கத்துக்கு இது நெருங்கிய உறவுடையது. மகன் எனப் பொருள்படும் அப் என்னும் சொல் எலிஸ் என்பதனோடு புணர்ந்து பெல்லிஸ் என்னும் குலப்பெயர் தோன்றியதும் அங்கேதான்.

ஆகவே எல்லிஸ் என்னும் பெயருடைய இருவர் ஒரே குடியிற் பிறந்தவர் என்று கொள்ளுதல் பொருந்தாது. ஒருவர் பெயர் கார்மேல் மலையிலிருந்து இறங்கியிருக்கலாம். மற்றவர் பெயர் வேல்சு மலைகளிலிருந்து இறங்கியிருக்கலாம். வடிவ ஒற்றுமை மட்டும் உறவுக்குச் சான்றாகாது. வேரைக் கண்டே உறவைத் துணிய வேண்டும். இவ்வுண்மையை மொழிகளின்மேல் வைத்து நிறுவுவதே பின்னாளில் பிரான்சிசு எல்லிஸின் பெரும்பணி ஆயிற்று.

எலியாவின் பெயர் தமிழகத்துக்கு எல்லிஸுடன் முதன்முதல் வந்ததும் அன்று. அரபு மொழியில் அது இல்யாஸ் என வழங்கியது. கடல் வாணிகத்தோடும் இசுலாமிய நெறியோடும் அப்பெயர் தமிழ் மண்ணில் இறங்கி இலியாசு என நிலைத்தது. ஒரே வேரின் இரு கிளைகள் இரு கடல்வழியே வந்து ஒரே நாட்டில் கூடியது பெயர்களின் வரலாற்றில் காணும் அழகுகளுள் ஒன்று.

சென்னைக்கு வந்த இளைஞர்

எல்லிஸ் 1777இல் பிறந்தார். 1796இல், இருபது வயது நிரம்பாத நிலையில், கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தர் பணியேற்றுச் சென்னைக்கு வந்தார். வருவாய் வாரியத்தில் 1798இல் துணைச் செயலர்க்கு உதவியாளராகவும், 1801இல் துணைச் செயலராகவும், 1802இல் செயலராகவும் படிப்படியாக உயர்ந்தார். 1806இல் மசூலிப்பட்டினத்தில் நீதிபதியானார். 1809இல் நிலச்சுங்க ஆட்சியரானார். 1810இல் சென்னை ஆட்சியர் பொறுப்பை ஏற்றார். வாழ்வின் எஞ்சிய ஆண்டுகளில் அவர் புகழுக்குக் காரணமான பணிகள் யாவும் இப்பொறுப்பில் இருந்துகொண்டே நடைபெற்றன.

மசூலிப்பட்டின வாழ்வு அவருக்குத் தெலுங்கை நெருக்கமாக்கியது. தமிழும் வடமொழியும் அவர் முன்பே பயிலத் தொடங்கியவை. சான் லைடன், வில்லியம் எர்சுகின் ஆகிய அறிஞர்களின் நட்பு அவர் ஆர்வத்தை வளர்த்தது. ஆயினும் அவரை உருவாக்கியவர்கள் இந்நாட்டு ஆசிரியர்களே. பட்டாபிராம சாத்திரியார், சங்கரய்யா, முத்துசாமிப் பிள்ளை முதலிய அறிஞர்களோடு அவர் இரவு பகலாகப் பழகினார். ஆட்சி செய்ய வந்தவர் மாணவராக அமர்ந்தார் என்பது அக்காலத்து நிலையில் எளிய செய்தியன்று.

1812இல் சென்னைக் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டபோது அதற்கு உயிர்நாடியாக விளங்கியவர் எல்லிஸே. கம்பெனிப் பணிக்கு வரும் இளைஞர்கள் தென்னாட்டு மொழிகளைக் கற்றுத் தேறவேண்டும் என்பது கல்லூரியின் நோக்கம். ஆனால் அது வேறொரு பயனையும் விளைத்தது. புலவர்களுக்கு அங்கே ஊதியமும் மதிப்பும் கிடைத்தன, சுவடிகள் திரட்டப்பட்டன, அச்சகம் ஒன்று அமைந்தது. வீரமாமுனிவரின் நூல்கள் மறைந்துபோகாமல் காக்கவேண்டி 1816இல் முத்துசாமிப் பிள்ளையைத் தென்னாட்டுக்கு அனுப்பியவர் எல்லிஸ். அப்பயணத்தின் பயனாகவே முனிவரின் வரலாற்றை முத்துசாமிப் பிள்ளை 1822இல் எழுதி முடித்தார். பின்னர் அக்கல்லூரியில் பணியாற்றிய தாண்டவராய முதலியார் செங்கற்பட்டை அடுத்த வில்லியம்பாக்கத்தார். தொண்டை நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பெயர் ஒரு புலவர் பெயரின் முன்னின்று தமிழ் உரைநடை வரலாற்றில் இடம்பெற்றது அவ்வாறுதான்.

வேரைத் தேடிய ஆய்வு

வடமொழிக்கும் கிரேக்க இலத்தீன் மொழிகளுக்கும் உறவுண்டு என்று 1786இல் வில்லியம் சோன்சு கல்கத்தாவில் அறிவித்த பின்னர், இந்திய மொழிகள் அனைத்தும் வடமொழியின் மக்களே என்னும் கருத்து மேனாட்டார் உள்ளத்தில் ஊன்றியது. தமிழிலும் தெலுங்கிலும் வடசொற்கள் மிகுந்திருப்பதே அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. எல்லிஸ் இதனை மறுத்தார். 1816இல் கல்லூரி அச்சகத்தில் வெளிவந்த காம்பெலின் தெலுங்கு இலக்கண நூலுக்கு அவர் எழுதிச் சேர்த்த முன்னுரைக் குறிப்பில் அம்மறுப்பு உள்ளது.

அவர் சொற்களின் தோற்ற ஒற்றுமையை நம்பவில்லை. வடமொழியின் தாதுக்களை ஒருபுறமும் தெலுங்கின் தாதுக்களை மறுபுறமும் அகரவரிசையில் நிறுத்தினார். இரண்டும் வேறானவை எனக் காட்டினார். பின்னர்த் தெலுங்கு, தமிழ், கன்னடம் ஆகியவற்றின் வேர்ச்சொற்களை ஒருங்கே நிறுத்தினார். அவை ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை எனக் காட்டினார். மலையாளம், துளு, குடகு ஆகிய மொழிகளும், வடக்கே இராசமகால் மலைவாழ் மக்கள் பேசும் மால்டோ மொழியும் அவர் பார்வைக்குள் வந்தன. தற்சமம், தற்பவம், தேசியம் எனத் தெலுங்கு இலக்கணிகள் செய்த பகுப்பும், பட்டாபிராம சாத்திரியார் தொகுத்த தாதுப் பட்டியலும் இவ்வாய்வுக்கு அடித்தளமாயின. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்து அக்குடும்பத்துக்குத் திராவிடம் எனப் பெயர் நிறுத்தியது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே அடிக்கல் நாட்டப்பட்டிருந்தது. அதனை விரிவாக வெளிக்கொணர்ந்தவர் அமெரிக்க வரலாற்றறிஞர் தாமசு டிரவுட்மன். அவர் நூல் 2006இல் வெளிவந்தது.

இம்முறையின் நுட்பத்தை எல்லிஸின் பெயரைக் கொண்டே விளக்கலாம். அவருக்குப் பின் சென்னையில் பணியாற்றித் தென்னாட்டு வரலாற்றை ஆராய்ந்தவர் சர் வால்டர் எலியட். எல்லிஸ், எலியட் என்னும் இரு பெயர்களும் ஒலியால் உடன்பிறந்தவை போலத் தோன்றும். இங்கிலாந்தில் எலியட் என்பது எலியாஸ் என்னும் பெயரின் குறுவடிவமாகத் தோன்றியதும் உண்டு. ஆனால் வால்டர் எலியட்டின் குடிக்குரிய இசுகாட்லாந்து எல்லைப்புறத்தில் வழங்கிய எலியட் என்னும் பெயர், எல்வால்ட் என்னும் பழைய ஆங்கிலப் பெயரிலிருந்து திரிந்தது. செவிக்கு ஒன்றாக ஒலிப்பவை வேரில் வேறாக நிற்கின்றன. இலியாசும் எல்லிஸும் செவிக்கு வேறாக ஒலித்து வேரில் ஒன்றாக நிற்கின்றன. மொழிக்கும் இதுவே நெறி.

தொண்டை மண்டலமும் காணியாட்சியும்

காஞ்சியும் அதனைச் சூழ்ந்த செங்கற்பட்டுச் சீமையும் ஆர்க்காட்டு நவாபால் 1763இல் கம்பெனிக்குச் சாகீராக அளிக்கப்பட்டன. 1794 முதல் 1798 வரை அங்கே ஆட்சியராயிருந்த இலயனல் பிளேசு காஞ்சிக் கோயில்களின் நிருவாகத்தில் தலையிட்டுச் சீர்செய்தவர். வரதராசப் பெருமாளுக்கு அணிகலன் அளித்தவராகவும் நினைவுகூரப்படுபவர். நிலத்தின் உரிமை யாருக்கு என்னும் வினா அவர் காலத்திலேயே கடுமையாக எழுந்துவிட்டது. அரசுக்கா, ஊரார்க்கா, உழுபவர்க்கா என்பது பல்லாயிரம் குடும்பங்களின் சோற்றைத் தீர்மானிக்கும் வினா.

1814இல் அரசு மிராசு உரிமை பற்றிப் பதினேழு கேள்விகளை விடுத்தது. எல்லிஸ் சங்கரய்யாவின் துணையோடு அளித்த விடைகள் 1818இல் நூலாக அச்சாயின. வெறும் வருவாய் அறிக்கையாக முடிந்திருக்க வேண்டிய அது, தொண்டை மண்டல வரலாற்றுக் களஞ்சியமாக அமைந்தது. கல்வெட்டுகளும் செப்பேடுகளும் பாடல்களும் ஊர்வழக்குகளும் அதில் சான்றுகளாயின. குறும்பர் ஆண்ட காடு, ஆதொண்டச் சோழனின் வெற்றி, அவன் கொண்டுவந்து குடியேற்றிய வேளாளர், இருபத்து நான்கு கோட்டங்கள், எழுபத்தொன்பது நாடுகள் என மரபுச் செய்திகள் வரிசைப்படுத்தப்பட்டன. காஞ்சி எயிற்கோட்டத்தின்பாற்பட்டது. எவர் எக்கோட்டத்தில் எவ்வூரில் முதற்குடியேறினார் என்னும் நினைவே இங்கு உரிமைப் பத்திரமாக இருந்தது. குடியேற்றத்தின் வரலாறும் குடிப்பெயரின் வரலாறும் நிலத்தின் வரலாறும் ஒன்றாகப் பிணைந்திருப்பதை எல்லிஸ் கண்டார்.

அங்கும் அவர் சொல்லின் வேரைத் தேடியே வழக்கைத் தொடங்கினார். மிராசு என்பது மரபுரிமையைக் குறிக்கும் அரபுச் சொல். வாரிசு என்பதும் அதே வேரினின்று வந்தது. சொல் புறநாட்டது ஆதலால் உரிமையும் நவாபு ஆட்சியில் வந்தது என்று எண்ண இடமுண்டு. அச்சொல் வருவதற்கு முன்னரே காணியாட்சி என்னும் தமிழ்ச்சொல் நிலவியதையும், சோழர் காலக் கல்வெட்டுகள் காணி உரிமையைப் பேசுவதையும் காட்டி அவர் அவ்வெண்ணத்தை விலக்கினார். ஒரு சொல்லின் வயதை அறிந்ததால் ஓர் உரிமையின் வயது வெளிப்பட்டது.

இப்பணியின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. காணியாட்சியை நிலைநாட்டிய வாதம் காணியாளர்க்கே வலிமை தந்தது. ஊரின் நிலத்தோடு பிணைக்கப்பட்டு உழைத்த பறையர் மக்களின் அடிமைநிலையை எல்லிஸ் தம் விடைகளில் பதிவு செய்தாரேனும், அவர்கள் காலின்கீழ் ஒரு காணி நிலமும் அதனால் வந்துவிடவில்லை. 1820இல் ஆளுநரான தாமசு மன்றோ, 1824இல் எழுதிய குறிப்பில் எல்லிஸின் மிராசுக் கொள்கையை ஐயுற்றார். உழுகுடிகளோடு அரசு நேரே கணக்கு வைக்கும் இரயத்துவாரி முறையே வென்றது. ஆயினும் செங்கற்பட்டில் மிராசுதாரர் பிடி தளரவில்லை. 1891இல் அம்மாவட்ட ஆட்சியர் திரமென்கீர் எழுதிய அறிக்கையே அம்மக்களின் நிலமின்மையை அரசின் கண்முன் நிறுத்தியது. அதன் விளைவாக ஒடுக்கப்பட்டோர்க்கென ஒதுக்கப்பட்ட நிலங்களே பஞ்சமி நிலம் எனப்படுகின்றன. எல்லிஸ் காணியாளரின் வேரை அறிந்தார். உழைத்தவரின் வேருக்கு நீர் வார்க்க இன்னும் முக்கால் நூற்றாண்டு வேண்டியிருந்தது.

வள்ளுவர்பால் கொண்ட காதல்

திருக்குறளுக்கு உரை வகுத்தோருள் தலைசிறந்தவரான பரிமேலழகர் காஞ்சியைச் சார்ந்தவர் என்பது மரபு. எல்லிஸ் அவ்வுரையின் துணைகொண்டே குறளுக்குள் நுழைந்தார். அறத்துப்பாலின் முதல் அதிகாரங்களிலிருந்து நூற்றிருபது குறட்பாக்களை எடுத்து, சிலவற்றைச் செய்யுளாகவும் சிலவற்றை உரைநடையாகவும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். ஒவ்வொரு குறளையும் விளக்கச் சிந்தாமணி முதலிய இலக்கியங்களிலிருந்தும் நீதி நூல்களிலிருந்தும் ஒப்புமைப் பகுதிகளைத் திரட்டித் தந்தார். ஒரு குறளுக்கு ஒரு நூலகத்தையே துணைநிறுத்தும் உரை அது. முற்றுப்பெறாமலே அச்சில் நின்றுபோன அந்நூலை 1955இல் இரா.பி. சேதுப்பிள்ளை பதிப்பிக்க, சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

அவர்பால் குறட்சுவடி சேர்ந்த வழியை அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயர் இல்லத்தில் சமையற் பணி செய்தவர். தம் இல்லத்தில் வழிவழியாகக் காக்கப்பட்ட ஏடுகளை அவர் கொண்டுவந்து கொடுக்க, அவை எல்லிஸ் கையை அடைந்தன என்பது அச்செய்தி. 1812இல் குறள் மூலம் தமிழில் முதன்முதல் அச்சேறியது.

வள்ளுவர் உருவம் பொறித்த பொற்காசு ஒன்றும் எல்லிஸோடு தொடர்புடையது. அரசரும் தெய்வமும் இடம்பெறும் காசில் ஒரு புலவர் உருவத்தைப் பொறிக்கும் துணிவு வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது. சென்னையின் கருவூலமும் நாணயச்சாலையும் எல்லிஸ் பார்வையில் இருந்த காலத்தே அது அடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று 1990களில் ஐராவதம் மகாதேவன் ஆராய்ந்து வெளிப்படுத்தினார். அக்காசு மக்கள் கைக்கு வந்து புழங்கவில்லை, காட்சிச்சாலைகளில் தங்கிவிட்டது.

எல்லீசன் என்னும் தமிழ்ப் பெயர்

1818இல் சென்னை தண்ணீரின்றித் தவித்தபோது எல்லிஸ் நகரில் இருபத்தேழு கிணறுகளைத் தோண்டச் செய்தார். அவற்றுள் ஒன்று இராயப்பேட்டைப் பெரியபாளையத்தம்மன் கோயிலில் இருந்தது. அங்கே அவர் நிறுத்திய கல்வெட்டு சகம் 1740 என ஆண்டு குறித்துத் தமிழ்ப் பாவில் அமைந்தது. சென்னையைத் தொண்டை நாட்டின் மணியாகப் புனைந்து தொடங்கி, மயிலையில் வாழ்ந்த வள்ளுவரைப் பாராட்டி, நாட்டுக்கு உறுப்பு இவையெனக் கூறும் நாடு என்னும் அதிகாரத்துக் குறளை முன்வைத்து, அக்குறளின் கட்டளையாகவே கிணறு தோண்டியதாக அக்கல் அறிவிக்கிறது. அரசின் ஆணையைக் காட்டாது குறளின் ஆணையைக் காட்டிய ஆட்சியர் அவர். அக்கல் இன்று மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையில் உள்ளது. மழையில்லாக் காலத்தில் நீர் வேண்டி நின்ற எலியாவின் பெயர், மூவாயிரம் ஆண்டுகள் அளவு நடந்து வந்து, மீண்டும் ஒரு வறட்சியில் நீரோடு சேர்ந்தது. திட்டமிட்டு யாரும் இதனைச் செய்யவில்லை.

அக்கல்வெட்டில் அவர் தம்மை எல்லீசன் எனக் குறித்தார். மேனாட்டார் தமிழ்ப் பெயர் கொண்ட வழிகள் பல. வீரமாமுனிவரின் இயற்பெயரின் பொருளைத் தமிழாக்கித் தைரியநாதர் என வழங்கினர். போப்பு ஐயர் ஆனார். எல்லிஸ் என்பதோ பொருள்பெயர்ப்பு வேண்டாது ஒலியாலேயே தமிழாயிற்று. மெய்யில் முடிந்த பெயர் அன் விகுதி ஏற்று, இடையெழுத்து நீண்டு, தமிழ்நாவுக்கு உகந்த எல்லீசன் ஆயிற்று. எல் என்றால் ஒளி. ஈசன் என்றால் தலைவன். ஒளிக்குத் தலைவன் எனத் தமிழ்ச்செவி அதற்குப் பொருள் கண்டு மகிழும். அது வேர்ப்பொருள் அன்று. வந்தேறிய பெயருக்குத் தமிழ் அளித்த விருந்து. வேர் இது, விருந்து இது எனப் பிரித்தறியக் கற்பித்தவரும் அவரே.

முடியாமல் நின்ற பணி

நாற்பது வயது நிரம்பும்வரை பெருநூல் எதனையும் வெளியிடுவதில்லை என்று எல்லிஸ் உறுதி பூண்டிருந்தார். கற்றது போதாது என்னும் அடக்கம் அது. நாற்பது கடந்தபோது சுவடிகளையும் கல்வெட்டுகளையும் நேரிற் காணத் தென்பாண்டி நாட்டுக்குப் பயணமானார். 1819 மார்ச்சுத் திங்களில் இராமநாதபுரத்தில் உயிர் நீத்தார். வாந்திபேதியால் இறந்தார் எனப் பழைய குறிப்புகள் கூறும். தவறுதலாக உட்கொண்ட நஞ்சே காரணம் எனப் பின்வந்த ஆய்வு கூறும். திண்டுக்கல்லில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர்க்கு எடுத்த நினைவுக்கல்லில் ஆங்கிலத்தோடு தமிழ்ப் பாவும் இடம்பெற்றது. குறளைப் பெயர்த்த எல்லீசன் என்றே அப்பா அவரை நினைக்கிறது.

அவருக்குப் பின் நேர்ந்தது அவர் மரணத்தினும் கொடியது. பல்லாண்டுகள் திரட்டிய கையெழுத்துப் படிகள் கேட்பாரற்றுக் கிடந்தன. மதுரையில் எஞ்சியவை ஆட்சியர் இல்லச் சமையற்காரனுக்கு அடுப்பு மூட்டவும் கோழியின் மயிர் பொசுக்கவும் பல திங்கள் பயன்பட்டன என்று வால்டர் எலியட் பதிவு செய்துள்ளார். தப்பியவற்றுள் ஒரு பகுதி ஆக்சுபோர்டு நூலகத்தைச் சேர்ந்தது. ஒரு சமையற்காரர் காத்துக் கொடுத்த ஏட்டால் எல்லிஸ் வள்ளுவரை அடைந்தார். வேறொரு சமையலறையில் அவர் ஏடுகள் சாம்பலாயின. முன்னவர் அதன் அருமையை அறிந்தவர்; பின்னவனுக்கு அதனைச் சொல்ல ஒருவரும் இல்லை. குற்றம் அடுப்பினுடையது அன்று. ஏட்டை அனாதையாக விட்டவர்களுடையது.

சங்கப் பாடல்களும் இவ்வாறே பல அழிந்தன. நன்னாகையார் பாடியவற்றுள் எஞ்சியவை சில. பெருந்தச்சனார் பாடியவற்றுள் எஞ்சியவை அவற்றினும் சில. கச்சிப்பேடு என்னும் ஊர்ப்பெயர் அவர்களைத் தாங்கி நிற்கிறது. எல்லீசன் என்னும் பெயரையோ ஒரு கிணற்றங்கரைக் கல்லும் ஒரு கல்லறைப் பாவும் தாங்கி நிற்கின்றன. எபிரேயத்தில் தோன்றி, கிரேக்கமும் இலத்தீனும் பிரெஞ்சும் ஆங்கிலமும் கடந்து வந்த அப்பெயர், கடைசியாக ஏற்ற விகுதி தமிழ் விகுதி. வழிநெடுகப் பல மொழிகள் அதற்கு இடம் கொடுத்தன. பா வடிவில் கல்லிற் பொறித்துக் காத்தது தமிழ். ஏடுகளைக் காப்பதும் அவ்வாறே தமிழ் கற்றார் கடமையாகும்.